ஜூலை இருபத்தேழின் பொதிகள்

தோஸர்,
9 அக்டோபர் 2023

அன்புத் தங்கை துர்ராவுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் வருமுன்பே முனகத் தொடங்கிவிட்டது. பேரீச்சை அறுவடை நடக்கிறது. ஊர் முழுக்கக் கூடைகளும் ஈக்களும்தான். உன் உடம்பு எப்படி? அங்கே மழை நின்றதா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது என்று அம்மா போட்ட சட்டப்படி இதை எழுதுகிறேன். உன் பதிலை வழக்கம்போல உன் அண்ணி நஸீஹா அச்செடுத்து அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாள். அதனால் அண்ணனுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்து எழுது.

எனக்கு ஒரு சிக்கல். 2019 அக்டோபரில் கிழக்குத் தோட்டங்களில் பதினொரு ஆழ்துளைக் கிணறுகளுக்குச் சீல் வைத்தோம். எங்கள் நீர்வள அலுவலகம் என் கணக்கை நம்பித்தான் வைத்தது. அதில் ஒன்று ஃபர்ஜானி பெரியப்பாவுடையது. அப்பாவோடு முப்பது வருடம் ஒரே வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர், அன்றிலிருந்து நம் வீட்டுப் படியேறவில்லை. இப்போது அவர் மறு ஆய்வு கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். தலைநகரிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மா வந்திருக்கிறார், கறாரான ஆள். அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கணக்கை என் கண் முன்னால் மறுபடி ஓட்டுங்கள், அதே எண் வந்தால் சீல் இருக்கட்டும் என்றுவிட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். ஒரு பக்கம் முழுக்கப் பிழைச் செய்தி வந்தது. இரண்டு நாள் மல்லுக்கட்டி ஓடவைத்தால் எண் வேறு. 2019 கோடையில் கிழக்கே நீர்மட்டம் நான்கு மீட்டர் இறங்கியது என்று அன்று எழுதினேன். இப்போது அறுபது சென்டிமீட்டர் என்கிறது. நிரல் அதே நிரல். அளவுகளும் அதே அளவுகள்.

அந்த ஜூனில் ஓட்டியபோது கிழக்கே ஒரு குறையும் இல்லை. செப்டம்பரில் கோடை அளவுகளைச் சேர்த்து ஓட்டியபோதுதான் நான்கு மீட்டர் வந்தது. முறைக்கு மேல் திருட்டுத்தனமாக இறைத்திருக்கிறார்கள் என்று நான் எழுதிவைத்தேன். ஊர்க்கூட்டத்தில் பெரியப்பா எழுந்து, "என் முறைக்கு மேல ஒரு வாளி எடுத்ததில்ல" என்றார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது பெரியப்பா" என்றேன், எல்லோருக்கும் முன்னால். நம் ஊரில் ஒருவனைத் தண்ணீர்த் திருடன் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் திட்ட வார்த்தை கிடையாது.

எனக்கு அந்தப் பழைய நான்கு மீட்டர் திரும்ப வர வேண்டும், துர்ரா. வராவிட்டால் பதினொரு கிணற்றை எதற்காக மூடினேன்? இதெல்லாம் உன் தொழில். வழி சொல்.

அம்மா உனக்கு முத்தம் அனுப்புகிறாள்.
உன் அண்ணன்,
லுத்ஃபி


போர்தோ,
14 அக்டோபர் 2023

மரியாதைக்குரிய, மிகவும் மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

ஸலாம். இந்த மரியாதை போதுமா? அம்மா, முழங்காலில் ஆலிவ் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைக் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று தெரியும். சூடாக்கித் தேய். நஸீஹா அண்ணி, உங்கள் தொண்டை கட்டாத அளவுக்குத்தான் எழுதுவேன். எனக்குச் சளியைத் தவிர வேறு குறை இல்லை.

அண்ணா, உன் நிரல் தனியாக ஓடுவதில்லை. அட்டவணையைப் படிக்க ஒரு பொதி, கூட்டிக் கழிக்க ஒன்று, படம் வரைய ஒன்று என்று ஐம்பது அறுபது மென்பொருள் பொதிகள் மேல் ஏறி உட்கார்ந்துதான் ஓடுகிறது. அவற்றை யார் யாரோ எழுதுகிறார்கள், அவ்வப்போது மாற்றுகிறார்கள். நீ உன் நிரலைத் தொடாமல் இருந்தாலும் கீழே இருப்பவை மாறிவிடும். அம்மாவின் குஸ்குஸ் செய்முறையை அப்படியே எழுதி எடுத்துவந்து இங்கத்திய ரவையில் செய்து பார்த்தேன், களிதான் வந்தது. அதே கதை.

எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எதிலிருந்து கட்டப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்து, எந்த ஊரில் எந்த வருடத்தில் கேட்டாலும் அதே அடுக்கைத் திரும்பக் கட்டித் தரும் ஒரு கருவி இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் இங்கே பிழைக்கிறேன். வாரம் மூன்று வகுப்பு. முதல் வகுப்பில் முதல் வாக்கியமே, எதை மாற்றினாலும் எழுதிவை என்பதுதான். 2019 பிப்ரவரியில் வந்தபோது உன் மடிக்கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தேன். நீ என்னைக் கேலி செய்தாய்.

அந்தப் பழைய மடிக்கணினி இப்போது எங்கே?

உன் தங்கை,
துர்ரா


தோஸர்,
2 நவம்பர் 2023

துர்ராவுக்கு,

ஸலாம். அம்மா எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள், வலி குறைந்ததாம். நான் பத்து வருடமாகச் சொல்லிவருவதை நீ ஒரு வரியில் எழுதியதும் கேட்கிறாள். உன் சளி போயிற்றா?

மடிக்கணினியை மூன்று வருடத்துக்கு முன்பே அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். பழைய சாமான்களோடு ஏலத்தில் போயிருக்கும் என்கிறார் கிடங்குக்காரர். அதை மறந்துவிடு.

நீ சொன்ன கருவியைப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டேன். போட்டேன் என்று சொல்வதற்கு நான்கு நாள் ஆயிற்று. எங்கள் அலுவலக இணைப்பில் அது ஏதோ இறக்கிக்கொண்டே இருந்தது, பக்கத்து மேசைக்காரர்களுக்குக் கடிதம்கூடத் திறக்கவில்லை. கடைசியில் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு கோப்புறைக்கும் வாயில் நுழையாத முப்பது எழுத்தில் பெயர். வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்துப் பாதியை அழித்துவிட்டேன். அதற்கு அது என்னைத் திட்டியது, ஆங்கிலத்தில்.

மனிதன் பயன்படுத்துவதற்காகத்தான் இதைச் செய்தார்களா? ஐம்பத்தொரு வயதில் மறுபடி எழுத்துக்கூட்டிப் படிக்க உட்காரவைக்கிறாய். ஆய்வாளர் அம்மா மார்ச் வரை தவணை கொடுத்திருக்கிறார்.

பெரியப்பாவைச் சந்தையில் பார்த்தேன். ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

உன் அண்ணன்,
லுத்ஃபி


போர்தோ,
20 நவம்பர் 2023

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். சளி போய்விட்டது, இருமல் தங்கிவிட்டது. அம்மா, நான் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வெளியே போகிறேன். கவலைப்படாதே.

மடிக்கணினி போனது போகட்டும். அது இல்லாமலே வேலை நடக்கும்.

அண்ணி, இனி வருவது அம்மாவுக்குத் தூக்கம் வரவழைக்கும். வேண்டுமானால் தாண்டிப் படியுங்கள்.

அண்ணா, அந்த முப்பது எழுத்துதான் இதன் உயிர். ஒரு பொதியைக் கட்டத் தேவையான எல்லாவற்றையும், மூலநிரல், கட்டும் முறை, கீழே இருக்கும் மற்றப் பொதிகள் என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் எழுத்து அது. உள்ளே ஒன்று மாறினாலும் பெயர் மாறிவிடும், அதனால் புதியது பழையதன் மேல் ஏறி உட்காராது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும். இடத்தைத் தின்னும், உண்மைதான். கையால் எதையும் அழிக்காதே. அழிக்கத் தனிக் கட்டளை இருக்கிறது, கீழே எழுதியிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இரண்டு சின்னக் கோப்புகள். ஒன்றில் உனக்கு வேண்டிய பொதிகளின் பெயர். இன்னொன்றில் எந்த நாளின் பொதிகள் என்பது. இரண்டையும் நிரலோடு சேர்த்து வைத்துவிட்டால், பத்து வருடம் கழித்தும் யாருடைய கம்ப்யூட்டரிலும் அதே அடுக்கு எழும். அந்த இரண்டாவது கோப்பைத்தான் நம் ஆட்கள் யாரும் எழுதுவதில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள்.

முதல் மாதம் எல்லோருக்கும் கண்ணைக் கட்டும். நான் கற்றுக்கொண்டபோது குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். விடாதே.

துர்ரா


தோஸர்,
11 ஜனவரி 2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். அம்மாவுக்குச் சுகம். நஸீஹா உனக்குக் காய்ந்த மிளகாயும் பேரீச்சையும் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் எழுது. இருமல் இன்னும் இருந்தால் மருத்துவரிடம் போ. உன் எழுத்தை நம்பி அம்மா ஏமாறலாம், நான் ஏமாறமாட்டேன்.

பதில் தாமதமானதற்குக் காரணம், நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பர் முழுக்கத் தோல்விதான். ஓர் அடைப்புக்குறி குறைந்தால் இருபது வரி கத்துகிறது. எந்த அடைப்புக்குறி என்று மட்டும் சொல்லாது. ஒரு நாள் கோபத்தில் விசைப்பலகையைத் தூக்கி அலமாரியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் நானே போய்த் திறந்தேன்.

பிறகு போன வாரம் ஓடிற்று, துர்ரா. என் இரண்டு கோப்புகளை காபஸில் இருக்கும் என் நண்பனுக்கு அனுப்பினேன். அவனுக்கு இந்தக் கருவி பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொன்ன ஒரே கட்டளையைத் தட்டினான். அவனுக்கும் எனக்கும் கடைசிப் புள்ளி வரை ஒரே எண். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் என் கணக்கு என் மேசையை விட்டு வெளியே போய் உயிரோடு திரும்பியது அன்றுதான். நான் உன்னைக் கேலி செய்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அதன்பின் இன்னொன்றும் செய்தேன். இந்தக் கருவியில் நாளைச் சொன்னால் அந்த நாளின் பொதிகள் வருமே. 2019 பிப்ரவரி என்று கொடுத்தேன், நீ போட்டுக்கொடுத்த மாதம். அறுபது சென்டிமீட்டர். அதே அளவுகளை வைத்து 2019 செப்டம்பர் என்று கொடுத்தேன். நான்கு மீட்டர்.

அப்படியே அறிக்கையில் இருந்த எண். நான் தேடிய எண். கிடைத்ததும் சந்தோஷப்பட முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று மூன்று நாள் தோண்டினேன். அட்டவணையைப் படிக்கும் பொதிதான். அளவு எடுக்காத நாளில் கட்டம் காலியாக இருக்கும். பழைய பதிப்பு அந்த நாளை விட்டுவிட்டுப் போகும். இடையில் வந்த பதிப்பு காலிக் கட்டத்தைச் சுழியம் என்று படித்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து அவர்களே திருத்திவிட்டார்கள். அந்தக் கோடையில் கிழக்கே அளவு எடுக்கும் மப்ரூக் காலை உடைத்துக்கொண்டு ஐந்து வாரம் படுத்திருந்தான். ஐந்து வாரம் காலிக் கட்டம். கம்ப்யூட்டருக்கு ஐந்து வாரம் கிணறு வறண்டுபோனது.

யாரும் திருடவில்லை, துர்ரா.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. என் மடிக்கணினியில் நீ போட்டது பிப்ரவரிப் பொதிகள். எனக்கு அதைத் தொடக்கூடத் தெரியாது. செப்டம்பருக்குள் அது எப்படி மாறியது? தானாக மாறுமா? ஆய்வாளர் அம்மா இதைத்தான் முதலில் கேட்பார்.

உன் அண்ணன்,
லுத்ஃபி


தோஸர்,
8 பிப்ரவரி 2024

துர்ராவுக்கு,

ஸலாம். நான்கு வாரம் ஆகிறது. நஸீஹா அனுப்பியது வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உடம்புக்கு ஏதாவதா?

போன வெள்ளிக்கிழமை கிழக்குத் தோட்டங்களுக்குப் போனேன். நான்கு வருடமாக அந்தப் பக்கம் ஜீப்பைத் திருப்பியதில்லை. பெரியப்பாவிடம் தொண்ணூறு மரம் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், தலை பச்சையாக இருப்பவை பதினான்கு. அவையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாய்க்காலில் கசியவிடும் தண்ணீரில் நிற்கின்றன. மற்றவை கழுத்தொடிந்து நிற்கின்றன. வெட்டுவதற்குக்கூட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

நான் கேட்டதற்கு ஒரு வரியாவது எழுது. தானாக மாறுமா?

லுத்ஃபி


போர்தோ,
3 மார்ச் 2024

அன்பு அண்ணனுக்கு,

ஸலாம். அம்மா, எனக்கு ஒன்றும் இல்லை. வகுப்புகள், ஒரு மாநாடு, வீடு மாற்றல் என்று நாள் ஓடிவிட்டது. பேரீச்சையும் மிளகாயும் வந்து சேர்ந்தன. பேரீச்சையைச் சாப்பிடவில்லை, எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணா, அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சில சமயம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திருப்பார்கள். அப்படி நடந்திருக்கலாம். மடிக்கணினி இல்லாத நிலையில் உறுதியாகச் சொல்ல முடியாது.

நோன்பு வரப்போகிறது. எல்லோருக்கும் என் வாழ்த்து.

துர்ரா


தோஸர்,
21 மார்ச் 2024

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். நோன்பு பத்து நாள் ஓடிவிட்டது. அம்மா பிடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியும் பிடிக்கிறாள். நீ தனியாக நோன்பு துறக்கிறாயா, யாராவது கூட இருக்கிறார்களா?

மடிக்கணினி ஏலத்தில் போகவில்லை. கிடங்கில் பழைய மழைமானிகளுக்கு அடியில் கிடந்தது. மின்சாரம் கொடுத்ததும் எழுந்துகொண்டது. உன் கருவியில் இதுவரை செய்த மாற்றங்களையெல்லாம் வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறதே, இப்போது அது எனக்கு மனப்பாடம். தட்டினேன். இரண்டே வரி.

முதல் வரி: 2019 பிப்ரவரி 16.
இரண்டாவது வரி: 2019 ஜூலை 27, காலை பத்து நாற்பது.

ஆய்வாளர் அம்மாவுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். கருவியின் பொதிகள் இடையில் மாற்றப்பட்டன, அதைக் கவனிக்காமல் ஓட்டியது என் பிழை, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீலை எடுக்க உத்தரவு வந்துவிடும். எனக்கு ஒரு குறிப்பாணை வரும், பதவி உயர்வு நிற்கும். அதற்கு நான் தகுதியானவன்தான்.

நேற்று அலுவலகத்தில் பெரியப்பா முன்னால் கணக்கை ஓட்டிக் காட்டினோம். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது சென்டிமீட்டர் என்றதும், "இன்னொருக்கா ஓட்டு" என்றார். ஓட்டினேன். "இன்னொருக்கா." மூன்றாவது தடவையும் அதே எண். எழுத்து தெரியாவிட்டாலும் எண்கள் தெரியும் அவருக்கு. விரலைத் திரையில் வைத்துப் பார்த்தார்.

"சரி. அன்னிக்கு மட்டும் ஏன் வேற சொல்லுச்சு?" என்று கேட்டார்.

தேதியைச் சொல்லி, நான்தான் பெரியப்பா அன்று கம்ப்யூட்டரில் உள்ள பொதிகளை மாற்றிவிட்டேன், தெரியாமல் செய்தது என்றேன். பிறகு ஆய்வாளர் அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஜூலை இருபத்தஞ்சு, குடியரசு தினம் முடிஞ்சு ரெண்டாம் நாள். நீ அன்னிக்குக் கெபிலிக்குப் போயிருந்தேப்பா. நான் எம்பேரீச்சை மரத்துல இறக்கின லக்மிச் சாறு உங்க வீட்டுக்குக் கொண்டாந்தேன். மேசைகிட்ட உட்கார்ந்திருந்தது நீ இல்ல."

நான் வாயைத் திறக்குமுன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்றும் நினைக்கிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. இருமலைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
லுத்ஃபி


போர்தோ,
30 மார்ச் 2024

அண்ணாவுக்கும், அம்மாவுக்கும், நஸீஹா அண்ணிக்கும்,

ஸலாம். அண்ணி, இந்தக் கடிதத்தை ஒரு வரியும் தாண்டாமல் உரக்கப் படியுங்கள். ஃபர்ஜானி பெரியப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படியுங்கள். அவர் வரமாட்டேன் என்றால் அண்ணா போய் அழைத்துவரட்டும்.

பெரியப்பா, உங்கள் கிணற்றை மூடியது என் கை.

2019 ஜூலை இருபத்தேழு காலை, கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த நான் அண்ணனின் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவன் கணக்கு எந்தப் பொதிகளில் ஓடுகிறது என்று எழுதிப் பூட்டிவைக்கும் கோப்பை அவனுக்கு எழுதிக்கொடுக்கத்தான் உட்கார்ந்தேன். அவன் தானாக எழுதமாட்டான் என்று எனக்குத் தெரியும். முதலில் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டு, புதியதை வைத்துக் கோப்பு எழுதலாம் என்று புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது முடிந்தது. அப்போது நீங்கள் வாசலில் நின்று, "துர்ரா, இனிப்பு மாறுறதுக்குள்ள வந்து குடி" என்று கூப்பிட்டீர்கள். எழுந்து வந்தேன். இரண்டு குவளை குடித்தேன். திரும்பிப் போய் உட்காரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து விமானம் ஏறிவிட்டேன். மாற்றினேன் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

நம் வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற எண்ணத்தில் செய்துவிட்டேன். இங்கே என் மாணவர்களில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் வகுப்பை விட்டே அனுப்பியிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் கிணறுகள் மூடப்பட்டதைக் கேட்டபோது எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெரியப்பாவும் இப்படிச் செய்துவிட்டாரே என்றுதான் நினைத்தேன். அதையும் மன்னிக்க வேண்டும். சந்தேகம் வந்தது போன அக்டோபரில், அண்ணாவின் முதல் கடிதத்தில். மடிக்கணினி எங்கே என்று அதனால்தான் கேட்டேன். அது இல்லை என்று தெரிந்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன், வாய்விட்டு. ஜனவரிக் கடிதம் வந்தபோது உறுதியாகிவிட்டது. பிறகு தானாக மாறியிருக்கலாம் என்று ஒரு பொய் எழுதினேன். அண்ணி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். என் கருவி தானாக மாறாது. யாராவது சொன்னால்தான் மாறும். அதன் பெருமையே அதுதான்.

அண்ணா, உன் அறிக்கையைத் திரும்ப வாங்கி என் பெயரை எழுது. ஆய்வாளர் அம்மாவுக்கு நானும் தனியாக எழுதியிருக்கிறேன். பெரியப்பா, ஊர்க்கூட்டத்தில் உங்களைச் சொன்ன வார்த்தையை ஊர்க்கூட்டத்தில்தான் திரும்ப எடுக்க வேண்டும். இந்தத் தாளை அங்கே படிக்கக் கொடுங்கள்.

மரங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை.

துர்ரா


தோஸர்,
18 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை துர்ராவுக்கு,

ஸலாம். பெருநாள் முடிந்தது. அம்மாவுக்குச் சுகம். உன் கடிதம் படித்த அன்று அழுதாள், மறுநாள் உனக்குக் கஅக் பலகாரம் சுட உட்கார்ந்துவிட்டாள். உன் இருமல் எப்படி இருக்கிறது?

பெரியப்பா வந்தார். நாலரை வருடம் கழித்து நம் கூடத்தில் உட்கார்ந்தார். நஸீஹா ஒரு வரி விடாமல் படித்தாள். அவர் தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு நானும் ஒன்றைச் சொன்னேன், அம்மாவுக்கும் நஸீஹாவுக்கும். உனக்கும் சொல்கிறேன். மப்ரூக் படுத்துக்கிடந்தது எனக்கு அன்றே தெரியும். அவன் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். ஐந்து வாரம் அளவு இல்லாத இடத்தில் நான்கு மீட்டர் என்று வருகிறதே என்று அட்டவணையைத் திறந்து ஒரு பார்வை பார்த்திருந்தால், உன் பொதியாவது மண்ணாங்கட்டியாவது, அங்கேயே பிடித்திருப்பேன். பார்க்கவில்லை. எண் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் இருந்தேன். மாதக்கணக்காக உனக்கு எழுதிய கடிதங்களில் இதை எழுதாமல் விட்டேன். அறிக்கையைத் திரும்ப வாங்கினேன். இப்போது அதில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

பெருநாளுக்கு மறுநாள் ஊர்க்கூட்டம் கூடியது. தாளைப் பெரியப்பா கொண்டுவருவார், யாராவது படிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தின நாட்களில் அவர் செய்ததை அங்கேதான் கேள்விப்பட்டேன். முதல் நாள் மளிகைக்கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பள்ளி ஆசிரியரிடம். அதற்கு மறுநாள் மருந்துக்கடைப் பெண்ணிடம். மூவரிடமும் முதலில் யார் படித்தார்கள் என்று சொல்லவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்றார். தாளைப் பிரிக்கவில்லை.

"போன தடவ என்னைப் பத்தி எழுதின தாள ஒருத்தன்தான் படிச்சான். நீங்களும் நம்புனீங்க, நானும் வாயடைச்சுப் போனேன். இத மூணு பேர் படிச்சிருக்காங்க. மூணு பேர் வாயிலயும் ஒரே சொல்தான் வந்துச்சு. நான் திருடலன்னு வந்துச்சு."

உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து, அன்று சொன்ன வார்த்தையை அதே இடத்தில் நின்று திரும்ப எடுத்தேன். அவருடைய கையை முத்தமிடப் போனேன், இழுத்துக்கொண்டார். பிறகு தோளில் வைத்தார்.

சீலை உடைத்தாயிற்று. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுபத்துநான்கு வயதில் கன்று நட்டால் காய்ப்பதை யார் பார்ப்பது என்று கேட்கிறார்.

கோடையில் நீ வருவாயா என்று அவராகவே கேட்டார். தெரியாது, கேட்கிறேன் என்றேன். உனக்கு எழுதச் சொல்லி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வரச் சொல்லு. எம்மரத்துல இனி லக்மி இறங்காதுன்னு சொல்லிரு. காபிதான் இருக்கு."

உன் அண்ணன்,
லுத்ஃபி